கடல்ல ஒரு டவுன்... ஒரு ரவுண்டு வரலாமா?

உங்க காலேஜ்ல மொத்தம் எத்தனை பேர் இருப்பீங்க? ஸ்டூடன்ட்ஸ், லெக்சரர்ஸ், ஆபீஸ் ஸ்டாஃப், கேன்டீன் அண்ணன், வாட்ச்மேன் தாத்தா... எல்லாரையும் கூட்டிக் கழிச்சா, பெரிய காலேஜா இருந்தா ஒரு அஞ்சாயிரம் தேறும். அந்த மாதிரி ரெண்டு காலேஜை அப்படியே அலேக்காகத் தூக்கி நடுக்கடல்ல வெச்சு, ஏழு நாளைக்கு மூணு வேளையும் சோறு போட்டு, குளிக்கத் தண்ணி குடுத்து, ராத்திரியானா ஆட்டம் பாட்டமும் நடத்தினா எப்படி இருக்கும்?

அதுதான் 'ஐகான் ஆஃப் தி சீஸ்'!

ராயல் கரீபியன் கம்பெனியோட சொகுசுக் கப்பல். ஃபின்லாந்துல துர்க்குங்கிற ஊர்ல இருக்கிற மெயர் துர்க்கு தளத்துல கட்டினாங்க. 2024 ஜனவரி 27-ம் தேதி அமெரிக்காவின் மயாமி துறைமுகத்திலிருந்து முதல் பயணம் கிளம்பிச்சு. அப்போ உலகத்திலேயே பெரிய பயணிகள் கப்பல் இதுதான். 2025 ஆகஸ்ட்ல இதோட தங்கச்சி 'ஸ்டார் ஆஃப் தி சீஸ்' அதே சைஸ்ல வந்து பக்கத்துல நின்னுடுச்சு. ஆனாலும் அக்கா அக்காதானே!

ஒரு உண்மையைச் சொல்லிடறேன். நான் இந்தக் கப்பல்ல ஏறினதில்லை. என் பர்ஸுக்கு ராமேஸ்வரம் போட்டே ஜாஸ்தி. கப்பலோட டெக் பிளானை லேப்டாப்ல திறந்து வெச்சுக்கிட்டு, ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் முழுக்க வீட்டு ஹால்ல உக்காந்தே டூர் அடிச்சேன். கூட ரெண்டு பேர். ஒருத்தர், மடியில உக்காந்து கீபோர்டைத் தட்டிக்கிட்டே இருந்த என் அக்கா பையன், வயசு நாலு. இன்னொருத்தன் என் பழைய ரூம்மேட். கேட்டரிங் படிச்சுட்டு வேற ஒரு கம்பெனியோட க்ரூஸ் கப்பல்கள்ல நாலு கான்ட்ராக்ட் முடிச்சவன், லீவுல வந்திருந்தான். நான் ஸ்விம்மிங் பூல் எங்கேன்னு தேடினா, அவன் சர்வீஸ் லிஃப்ட் எங்கேன்னு தேடுவான். இதைவிட நல்ல கைடு கிடைக்குமா என்ன?

எடை இல்ல பாஸ், இடம்!

கப்பலைப் பத்தி எங்கே படிச்சாலும் 2,48,663 டன்னுன்னு ஒரு நம்பர் கண்ணுல படும். உடனே 'அம்மாடியோ, இவ்ளோ வெயிட்டா!'ன்னு வாயைப் பிளக்கிறோம். அங்கேதான் மிஸ்டேக். அது எடையே இல்லை. 'கிராஸ் டன்னேஜ்'ங்கிறது கப்பலுக்குள்ளே அடைபட்ட மொத்த இடம் எவ்வளவுன்னு கணக்குப் போட்டு வர்ற நம்பர். டைட்டானிக்குக்கு அது 46,328. அதாவது டைட்டானிக்கைப் போல அஞ்சு மடங்குக்கும் மேல இடம் இதுக்குள்ளே இருக்கு.

நீளம் கிட்டத்தட்ட 365 மீட்டர். நம்ம ஊரு எக்ஸ்பிரஸ் ரயில்ல 15 பெட்டி சேர்ந்தா வர்ற நீளம். நிமிர்த்தி நிறுத்தினா ஈஃபிள் டவரைத் தாண்டிடும். மொத்தம் 20 மாடி. கப்பல்காரங்க பாஷையில டெக். அதுல 18 டெக் பயணிகளுக்கு. 2,805 ரூம். ரூமுக்கு ரெண்டு பேர்னா 5,610 பயணிகள், குழந்தை குட்டியோட எல்லா பெட்டும் நிரம்பினா 7,600. வேலை பார்க்கிறவங்க மட்டும் 2,350 பேர்.

இவ்வளவு உயரமா இருக்கே, ஒரு பக்கமா சாஞ்சுடாதா? தண்ணிக்குள்ளே முழுகியிருக்கிறது வெறும் ஒன்பது மீட்டர் சொச்சம்தான்! ஆனா எஞ்சின், எண்ணெய், தண்ணி டேங்க்னு கனமான சமாசாரம் பூராவும் அடியிலேயே இருக்கு. மேல மேலப் போகப் போக முக்கால்வாசி ரூமும் காத்தும்தான். அகலமும் சுமார் 48 மீட்டர். அலை ரொம்ப ஆட்டினா ரெண்டு பக்கமும் தண்ணிக்குள்ளே மீன் துடுப்பு மாதிரி 'ஸ்டெபிலைசர்' நீண்டு வந்து ஆட்டத்தைக் குறைக்கும். அடியில கனத்தை வெச்சது, தலையாட்டி பொம்மையோட அடியில களிமண் வெச்ச அதே டெக்னிக்தான்.

மெஸ்ஸி வெச்ச பந்து

புதுக் கப்பலுக்குப் பேர் வைக்கும்போது ஷாம்பெய்ன் பாட்டிலை உடைக்கிறது அவங்க வழக்கம், நம்ம பூசணிக்காய் மாதிரி. 2024 ஜனவரி 23-ம் தேதி மயாமியில நடந்த இந்த விழாவுக்கு வந்தவர் யாரு தெரியுமா? நம்ம லியோனல் மெஸ்ஸி! அவரோட இன்டர் மயாமி டீமும் ஆஜர். அவர் ஒரு ஃபுட்பாலை எடுத்து ஒரு பீடத்து மேல வெச்சதும், பாட்டில் தானாகப் போய் உடைஞ்சுது. காலால உதைச்சிருந்தா இன்னும் கெத்தா இருந்திருக்கும்னு என் ரூம்மேட் கமென்ட் அடிச்சான்.

முதல்ல சேஃப்டி, அப்புறம் சாப்பாடு

சரி, ஏறலாமா? ஏறினதும் எல்லாரும் பஃபேக்கு ஓடுவாங்க. ஆனா கப்பல் கிளம்பறதுக்கு முன்னாடி முடிக்க வேண்டிய வேலை ஒண்ணு இருக்கு. ஆபத்துன்னா எங்கே போய் நிக்கணும், லைஃப் ஜாக்கெட்டை எப்படிப் போடணும்னு போன்லயோ ரூம் டி.வி.யிலயோ வீடியோ பார்த்துட்டு, உங்களுக்குன்னு ஒதுக்கின இடத்துக்கு நேர்ல போய் தலையைக் காட்டிட்டு வரணும்.

இது சும்மா சடங்கு இல்லை. 2012 ஜனவரி 13-ம் தேதி இத்தாலியில ஜிலியோ தீவுக்குப் பக்கத்துல 'கோஸ்டா கன்கோர்டியா' பாறையில மோதி சாஞ்சப்போ 32 பேர் செத்துப் போனாங்க. அன்னிக்குத்தான் ஏறின நூத்துக்கணக்கான பயணிகளுக்கு அந்த டிரில் அதுவரைக்கும் நடக்கவே இல்லை. அப்போ இருந்த விதிப்படி 24 மணி நேரத்துக்குள்ள நடத்தினா போதும். அதுக்கப்புறம்தான் விதியை மாத்தினாங்க. 2015-லேருந்து கிளம்பறதுக்கு முன்னாடியோ கிளம்பின உடனேயோ முடிச்சே ஆகணும். என் ரூம்மேட்டுக்கு இந்த டிரில் நேரத்துல கடுப்பேத்தறது, செல்ஃபி எடுத்துக்கிட்டு நிக்கிற கூட்டம்தானாம்.

வயித்துக்குள்ளே பூங்கா

உள்ளே நுழைஞ்சதும் ராயல் பிராமினேட். கடைவீதின்னு வெச்சுக்குங்க. கடைகள், பார், பாட்டு, கூட்டம்னு ஜேஜேன்னு இருக்கும். நடுவுல 'தி பேர்ல்'னு முத்து மாதிரி ஒரு பிரம்மாண்ட உருண்டை, அதுக்குள்ளே படிக்கட்டு. பார்க்க ஏதோ ஷோபீஸ் மாதிரி இருந்தாலும் மேல் மாடிகளோட பாரத்தைத் தாங்கறதுலயும் அதுக்குப் பங்கு இருக்கு. அதனாலதான் அந்த இடத்துல தூண் தூணா இல்லாம, ரெண்டு பக்கமும் பெரிய கண்ணாடி வழியா கடல் தெரியுது.

அதுக்கு மேல சென்ட்ரல் பார்க். நிஜச் செடி, நிஜ மண், தலைக்கு மேல நிஜ வானம்! கப்பலோட நடுப்பகுதியைப் பிளந்து பள்ளமாக்கி விட்டிருக்காங்க. 2009-ல வந்த 'ஒயாசிஸ் ஆஃப் தி சீஸ்' கப்பல்ல இந்தக் கம்பெனி முதல்ல செஞ்சு பார்த்த ஐடியா இது. இதுல ஒரு வியாபார மூளை இருக்கு பாருங்க. கப்பல் அகலமாக ஆக, நடுவுல மாட்டிக்கிற ரூமுக்கெல்லாம் ஜன்னலே கிடைக்காது. நடுவுல ஒரு பூங்காவைத் திறந்து விட்டா அந்த ரூமுக்கும் பால்கனி வந்துடும், வாடகையும் கூடும். என்னைக் கேட்டா இந்தக் கப்பல்லயே பெரிய புத்திசாலித்தனம் சறுக்கு மரமோ நீச்சல் குளமோ இல்லை. இந்தப் பள்ளம்தான்.

பொடிசுகளோட ராஜ்ஜியம்

இப்ப ஏழாவது டெக்ல, கப்பலோட வால் பக்கம் வாங்க. பேரு 'சர்ஃப்சைடு'. கப்பலை எட்டுப் பேட்டையா பிரிச்சிருக்காங்க. அதுல இது ஆறு வயசு வரைக்குமான வாண்டுகள் இருக்கிற குடும்பத்துக்குன்னே ஒதுக்கினது. இங்கேதான் நாங்க ரொம்ப நேரம் நின்னுட்டோம். காரணம் மடியில இருந்தவர்.

குழந்தையோட டூர் போன அக்கா, அண்ணி யாரையாவது கேட்டுப் பாருங்க. டூர்ல அவங்க என்ன பார்த்தாங்கன்னு கேட்டா பதில் வராது. பாதி நேரம் பையைத் தூக்கிக்கிட்டு, மீதி நேரம் பாத்ரூம் தேடி. பழைய கப்பல்கள்லயும் இதே கதைதான். பிள்ளைங்க விளையாடற இடம் ஒரு கோடியில, அப்பா அம்மா உக்கார்ற இடம் இன்னொரு கோடியில. ஒருத்தர் பூல்ல இருந்தா இன்னொருத்தர் காவல் டியூட்டி.

சர்ஃப்சைடுல இதை மாத்தி யோசிச்சிருக்காங்க. பொடிசுகள் தண்ணியில ஆட 'ஸ்பிளாஷவே பே'. நடக்கக்கூடத் தெரியாத குட்டிகளுக்கு 'பேபி பே'. அதைப் பார்த்தாப்லயே பெரியவங்களுக்கு ஒரு பூல். அதிலிருந்து நாலு எட்டு வெச்சா சாப்பாட்டுக் கடை. பக்கத்துல ராட்டினம், மிட்டாய்க்கடை. 'லெமன் போஸ்ட்'னு ஒரு பார். அங்கே அப்பா அம்மாவுக்கு காக்டெய்ல்னா, கூட நிக்கிற பொடிசுக்கு ஆல்கஹால் இல்லாத மாக்டெய்ல். காலையில வந்து உக்காந்தா சாயங்காலம் வரைக்கும் அந்த இடத்தை விட்டு நகர வேண்டாம்.

அங்கேயும் முடியலைன்னா, 3 வயசுலேருந்து 12 வரைக்கும் பார்த்துக்க 'அட்வென்ச்சர் ஓஷன்'. 13 முதல் 17 வயசுக்கு அப்பா அம்மா எட்டிப் பார்க்க முடியாத தனி கிளப். ஆறு மாசக் கைக்குழந்தைக்குக்கூட நர்சரி இருக்கு, அதுக்கு மட்டும் தனிக் காசு.

கல்யாணம் ஆகாத, 18 தாண்டின நம்ம கோஷ்டிக்கு? கப்பலோட பின்பக்கம், கடலுக்கு மேல 135 அடி உயரத்துல 'தி ஹைடவே'. விளிம்பே தெரியாத இன்ஃபினிட்டி பூல், டி.ஜே. பொடிசுகளுக்கு நோ என்ட்ரி!

அடிவயித்துல பட்டாம்பூச்சி

மேல் டெக்குக்கு ஏறினா 'த்ரில் ஐலண்ட்'. பேருக்கேத்த மாதிரிதான். 'கேட்டகரி 6'ங்கிற தண்ணிப் பூங்காவுல ஆறு சறுக்கு. அதுல 'ஃப்ரைட்னிங் போல்ட்' 46 அடி உயரத்துலேருந்து இறங்கும். 'பிரஷர் டிராப்' 66 டிகிரி சரிவு. 66 டிகிரின்னா என்னன்னு காம்பஸ் பாக்ஸ்ல இருக்கிற புரொட்ராக்டரை எடுத்து வெச்சுப் பாருங்க. கிட்டத்தட்ட செங்குத்து! தனியா சறுக்க பயமா இருந்தா நாலு பேர் சேர்ந்து ஒரே மிதவையில வர்ற ரெண்டு சறுக்கு இருக்கு. மீதி ரெண்டுல பக்கத்துப் பக்கத்துல படுத்துக்கிட்டு ரேஸ் விடலாம்.

அப்புறம் 'கிரவுன்ஸ் எட்ஜ்'. இடுப்புல பெல்ட் கட்டி, கப்பலோட ஓரமா கயித்துப் பாதையில நடக்க விடுவாங்க. நடந்துக்கிட்டே இருக்கும்போது ஒரு இடத்துல காலுக்குக் கீழே பலகை டொப்புன்னு விலகிடும்! கீழே 154 அடியில கடல். அப்படியே தொங்கிக்கிட்டே சர்ருன்னு அடுத்த பக்கம் போய்ச் சேரணும். இதுக்குத் தனி டிக்கெட் வேற. காசு குடுத்து பேதியாகணுமான்னு நம்ம ஆளு கேட்டான். கேள்வி நியாயம்தான்.

இது போக செயற்கை அலையில சறுக்கற 'ஃப்ளோரைடர்', பாறை ஏறுறது, மினி கோல்ஃப். கரீபியன் வெயில் கொளுத்தும்போது உள்ளே ஐஸ் ஸ்கேட்டிங் தளம் வேற. மொத்தம் ஏழு நீச்சல் குளம்.

முன்பக்கம் உச்சியில 'அக்வாடோம்'. 82 அடி உயரக் கண்ணாடிக் கூண்டு. 363 டன். தரையில முழுசாக் கட்டி முடிச்சு, ராட்சத கிரேனால ஒரே தூக்கா தூக்கிக் கப்பல் மேல வெச்சிருக்காங்க. பகல்ல அமைதியா உக்காந்து கடல் பார்க்கலாம். ராத்திரி அதே இடம் தியேட்டர். 55 அடி அருவி கொட்ட, உயரத்துலேருந்து டைவ் அடிக்கிறவங்க ஷோ.

சாப்பாட்டுக்கு இருபதுக்கும் மேல இடம் இருக்கு. 'விண்ட்ஜாமர்' பஃபேயில சாதம், பருப்பு, கறின்னு நம்ம ஊரு ஐட்டமும் தலை காட்டும். ஆனா 'எல்லாமே டிக்கெட்டுல அடக்கம்'னு நினைச்சு ஏமாந்துடாதீங்க. கூல்டிரிங்க்ஸ், வைஃபை, ஸ்பெஷல் ரெஸ்டாரன்ட், டிப்ஸ் எல்லாம் மேல மேல ஏறும்.

ரூம்னா இதான் ரூம்னு சொல்ற மாதிரி ஒண்ணு இருக்கு. 'அல்டிமேட் ஃபேமிலி டவுன்ஹவுஸ்'. மூணு மாடி வீடு. மாடியிலேருந்து கீழே இறங்கப் படிக்கட்டும் இருக்கு, சறுக்கு மரமும் இருக்கு. குட்டி தியேட்டர், கரோக்கே, வாசல்ல வெள்ளை வேலி, தபால் பெட்டி! வாசலைத் திறந்தா நேரா சர்ஃப்சைடு. கப்பல் வந்த புதுசுல இதுக்கு ஒரு வார வாடகை சுமார் 75,000 டாலர்னு செய்தி வந்துது. ரூபாயில மாத்தினா அறுபது லட்சத்துக்கும் மேல. அந்தக் காசுக்கு நம்ம ஊர்ல நிஜ வீடே வாங்கிடலாம், தபால் பெட்டியோட.

கீழ் டெக்கும் அடுப்பும்

ஆறு பெரிய எஞ்சின் கரன்ட் தயாரிக்குது. அந்தக் கரன்ட்ல மூணு 'அசிபாட்' சுத்துது. அசிபாடுன்னா மோட்டாரும் விசிறியும் சேர்ந்த ஒரு உருண்டை, கப்பலுக்கு அடியில தொங்கும், எந்தப் பக்கம் வேணாலும் திரும்பும். அதனால தனியா சுக்கானே கிடையாது. வேகம் 22 நாட், மணிக்கு 40 கிலோமீட்டர். நம்ம டவுன் பஸ் வேகம்தான். குடிக்க, குளிக்கத் தேவையான தண்ணியில 93 சதவீதத்தைக் கடல் தண்ணியிலிருந்தே எடுத்துக்கறதா கம்பெனி சொல்லுது.

எரிபொருள் எல்.என்.ஜி., அதாவது குளிர வெச்சு திரவமாக்கின இயற்கை எரிவாயு. புகை, கந்தகம் கம்மி, சுத்தமான எரிபொருள்னு விளம்பரம். அங்கேதான் சுற்றுச்சூழல் ஆளுங்க கையைத் தூக்கறாங்க. இந்த வாயு பெரும்பாலும் மீத்தேன். எஞ்சின்ல கொஞ்சம் எரியாமலேயே வெளியே தப்பிச்சுடும். 20 வருஷக் கணக்குல பார்த்தா கார்பன் டை ஆக்சைடை விட 80 மடங்குக்கும் மேல பூமியைச் சூடாக்கற வாயு அது. ஐ.சி.சி.டி. ஆராய்ச்சி அமைப்பு 2024 ஜனவரியில, இந்தக் கப்பல் கிளம்பின அதே மாசம், ஒரு அறிக்கை விட்டுது. இந்த வகை எஞ்சின் இருக்கிற கப்பல்கள்ல அளந்து பார்த்தா சராசரியா 6.4 சதவீதம் எரியாமத் தப்பிக்குதாம். ஐரோப்பிய யூனியன் கணக்குல வெச்சிருந்தது 3.1. பாதிக்கும் கம்மி!

எட்டுப் பேட்டையில இல்லாத பேட்டை

டூர் முடிஞ்சுதுன்னு நான் லேப்டாப்பை மூடப் போனேன். ரூம்மேட் தடுத்தான். டெக் பிளான்ல கீழே வெள்ளையா விட்டிருக்கிற இடத்தைக் காட்டி, இதுதான்டா என் வீடுன்னான்.

பயணிகளுக்குக் குடுக்கிற வரைபடத்துல அந்த இடமெல்லாம் காலி. நிஜத்துல பெரிய க்ரூஸ் கப்பல்கள்ல கீழ் டெக்ல இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் ஒரு நீளமான நடைபாதை போகும். கப்பல்ல வேலை பார்க்கிறவங்க அதை 'ஐ-95'னு கூப்பிடுவாங்க. அமெரிக்காவின் பெரிய நெடுஞ்சாலை ஒண்ணோட பேரு. காய்கறி மூட்டை, அழுக்குத் துணி, குப்பை, டான்ஸர்ஸ், கேப்டன்... எல்லாமும் எல்லாரும் அந்த ரோட்டுலதான். அங்கேயே ஸ்டாஃப் மெஸ், ஸ்டாஃப் பார், ஜன்னலே இல்லாத ரூம். ரூமுக்கு ரெண்டு பேர், மேலயும் கீழயுமா பங்க் பெட். நம்ம ஹாஸ்டல் தேவலாம்னு தோணும்.

வேலை சாதாரணமா ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம், வாரத்துல ஏழு நாளும். ஞாயித்துக்கிழமைன்னு ஒண்ணு கிடையவே கிடையாது. ஆறு மாசத்துலேருந்து ஒன்பது மாசம் ஒரு கான்ட்ராக்ட். அது முடிஞ்சாதான் ஊரு. ஐகான் பஹாமாஸ் கொடி கட்டின கப்பல். மயாமியிலிருந்து கிளம்பினாலும் அமெரிக்காவின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் அதுல வேலை பார்க்கிற வெளிநாட்டு ஆளுங்களைத் தொடாது. இவங்களுக்குத் துணை 2013-லேருந்து அமல்ல இருக்கிற சர்வதேசக் கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தம்தான்.

நம்ம ஆளு முதல் கான்ட்ராக்ட்ல ரூம் அட்டெண்டன்ட். ரூமை சுத்தம் பண்ணிட்டு, குளிக்கிற துண்டை மடிச்சு யானை, குரங்கு, அன்னம்னு பொம்மை செஞ்சு கட்டில் மேல வைக்கணும். குழந்தைங்க வந்து பார்த்துட்டு குதிக்கும். அதுக்கு டிப்ஸும் விழும். அந்த வருஷம்தான் அவன் அக்காவுக்குக் கல்யாணம். பாதியில இறங்கி வந்தா வேலை போயிடும், டிக்கெட்டும் சொந்தக் காசு. முகூர்த்த நேரத்துல அங்கே நடுராத்திரி. டியூட்டி முடிஞ்சு போய், காசு குடுத்து நெட் வாங்கி, லோடாகி லோடாகி வந்த போட்டோவுல தாலி கட்டி முடிச்சிருந்தாங்களாம். மறுநாள் காலையில வழக்கம் போல பதினெட்டு ரூம், பதினெட்டு யானை. இதைச் சொல்லும்போது அவன் சிரிச்சுக்கிட்டேதான் சொன்னான். அந்தக் கான்ட்ராக்ட் காசுலதான் கல்யாணக் கடன் அடைஞ்சுது.

அப்புறமும் ஏன் போறேன்னு கேட்டேன். டாலர் சம்பளம், தங்கவும் சாப்பிடவும் செலவில்லை, இருபத்தேழு வயசுக்குள்ள முப்பது நாடு பார்த்தாச்சு, பிலிப்பைன்ஸ்லயும் இந்தோனேஷியாவுலயும் உயிருக்கு உயிரான ஃப்ரெண்ட்ஸ் இருக்காங்கன்னு அடுக்கினான். அதுவும் உண்மைதான்.

ஏஜென்ட் அண்ணன்கள் உஷார்!

கேட்டரிங், ஹோட்டல் மேனேஜ்மென்ட், மரைன் படிக்கிற மக்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் கவனிங்க. நம்ம ஆளு முதல் வேலைக்கு முன்னாடி ஒரு 'ஏஜென்ட்' கிட்ட ஒன்றரை லட்சம் குடுத்து ஏமாந்தவன். ஆபர் லெட்டர் பளபளன்னு இருந்துதாம். கப்பல்தான் இல்லை!

அந்தத் தொழிலாளர் ஒப்பந்தம் என்ன சொல்லுது தெரியுமா? கப்பல்ல வேலை வாங்கித் தர உங்ககிட்ட கட்டணம் வாங்கவே கூடாது. மெடிக்கல் சர்டிஃபிகேட், சி.டி.சி. புத்தகம், பாஸ்போர்ட் செலவு மட்டும்தான் உங்க தலையில. விசா செலவுகூட கப்பல் கம்பெனியோடது. இந்தியா 2015-ல இந்த ஒப்பந்தத்தை ஏத்துக்கிச்சு. இங்கே ஆள் எடுக்கிற நிறுவனத்துக்கு மத்திய அரசோட டி.ஜி. ஷிப்பிங் குடுக்கிற ஆர்.பி.எஸ்.எல். லைசென்ஸ் இருக்கணும். லைசென்ஸ் இருக்கிற நிறுவனங்களோட பட்டியலை டி.ஜி. ஷிப்பிங் இணையதளத்துலயே பார்க்கலாம். நிறுவனத்தோட பேரு பட்டியல்ல இல்லைன்னாலும் சரி, 'சர்வீஸ் சார்ஜ்'னு எந்தப் பேர்ல காசு கேட்டாலும் சரி, எழுந்து வந்துடுங்க. கடல்ல உயிர் பிழைக்கிறது, தீயணைப்பு, முதலுதவின்னு எஸ்.டி.சி.டபிள்யூ. அடிப்படைப் பயிற்சி முடிச்சாகணும். அதையும் டி.ஜி. ஷிப்பிங் அங்கீகாரம் இருக்கிற இடத்துல மட்டும் படிங்க.

சனிக்கிழமைன்னா சரவெடி

கப்பல்ல எந்த நாள் கஷ்டம்னு கடைசியா கேட்டேன். யோசிக்காம சொன்னான், பயணிகள் மாறுற நாள். ஐகானோட முதல் பயணம் ஒரு சனிக்கிழமை கிளம்பி அடுத்த சனிக்கிழமை திரும்பிச்சு. அன்னிக்குக் காலையில அஞ்சாயிரம், ஆறாயிரம் பேர் பெட்டியோட இறங்கணும். 2,805 ரூமையும் கூட்டிப் பெருக்கி, விரிப்பு மாத்தி, ஒரு வாரத்துச் சாப்பாட்டுச் சாமானை ஏத்தி, புதுசா ஆறாயிரம் பேரை ஏத்திக்கிட்டு சாயங்காலம் கிளம்பிடணும். இறங்கிப் போற குடும்பம் கட்டிப்பிடிச்சு 'தேங்க்ஸ்' சொல்லி அழும். ஏறி வர்ற குடும்பம் துண்டு யானை எங்கேன்னு கேட்கும். நடுவுல இருக்கிற நேரம் நாலு மணி நேரமோ அஞ்சு மணி நேரமோ.

அடுத்த மாசம் அஞ்சாவது கான்ட்ராக்ட். ஜாயினிங் லெட்டர் வந்தாச்சாம். எழுந்து போகும்போது கொடியில கிடந்த என் துண்டை உருவினான். ரெண்டு மடிப்பு, ஒரு சுருட்டு, ஒரு இழுப்பு. முப்பது செகண்ட்ல தும்பிக்கையோட ஒரு யானை சோபாவுல உக்காந்திருந்துது. அக்கா பையன் அதைக் கட்டிக்கிட்டு ஓடிட்டான்.

ராத்திரி குளிக்கப் போகும்போது போய்க் கேட்டேன். தர மாட்டேன்னுட்டான்.